ஹாரிசன் ஃபோர்டு: கதவு நிலை முதல் கார்புரேட்டர் வரை

(ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டைப் பற்றி ஐந்து பேர் பேசிக்கொண்டது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது பேசுபவரின் புனைபெயர்.)

மரவேலை:

ஃபோர்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே "தச்சராக இருந்தவர், ஒரே நாளில் ஸ்டார் ஆனார்" என்று முடித்துவிடுகிறார்கள். நடந்தது அப்படி அல்ல. 1942-இல் சிகாகோவில் பிறந்தவர். விஸ்கான்சின் மாநிலத்தின் ரிப்பன் கல்லூரியில் படிப்பை முடிக்காமலே கலிபோர்னியா போனார். கொலம்பியா ஸ்டுடியோவில் வாரம் 150 டாலருக்கு ஒப்பந்தம். 1966-இல் முதல் படம். ஹோட்டலில் தந்தி கொண்டுவரும் பையன் வேடம், டைட்டிலில் பெயர்கூட இல்லை. பிறகு யுனிவர்சல், டி.வி. தொடர்களில் துண்டு துண்டாக வேடங்கள். அதற்குள் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பழுது பார்க்க வேண்டிய ஒரு பழைய வீடு. அந்த வீட்டுக்காகத்தான் நூலகத்தில் புத்தகம் எடுத்துத் தச்சு கற்றுக்கொண்டார். யாரிடமும் பட்டறையில் எடுபிடியாக நின்று பழகியவர் இல்லை.

1970-இல் பிரேசில் இசைக்கலைஞர் செர்ஜியோ மெண்டிஸுக்கு ஒலிப்பதிவுக் கூடம் கட்டிக் கொடுத்தார். இதைச் சாதாரணமாகக் கடந்து போகிறார்கள். அலமாரி அடிப்பவர் எல்லாம் கை வைக்கும் வேலை அல்ல அது. எதிரெதிர்ச் சுவர்கள் இணையாக இருந்தால் ஒலி அங்குமிங்கும் மோதி இரையும். இரட்டைச் சுவர் எழுப்பினால் இரண்டுக்கும் நடுவே ஒரு ஆணிகூடப் பாலமாக நிற்கக் கூடாது. நின்றால் அதிர்வு அதன் வழியே கடந்துவிடும். கதவைச் சுற்றி நூலளவு இடைவெளி விட்டாலும் தெருச் சத்தம் உள்ளே வரும்.

1973-இல் வெளியான 'அமெரிக்கன் கிராஃபிட்டி'க்குக் கூப்பிட்டபோது, தச்சு வேலையில் இதைவிட அதிகம் வருகிறதே என்று முதலில் தயங்கினார். சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். முடியை வெட்ட மறுத்து, தொப்பி போட்டுக்கொண்டு நடித்தார். அடுத்த வேலை கிடைத்தால் நீள முடி தேவைப்படும் என்ற கணக்கு அது.

பிறகுதான் அந்தக் கதவு. இயக்குநர் கொப்போலாவின் அலுவலகத்துக்கு முகப்பு வேலை. நடிகர் தேர்வுக்கு வருகிறவர்கள் தன்னைத் தச்சராகப் பார்க்கக் கூடாது என்று இரவில் செய்தார். வேலை விடிந்தும் முடியவில்லை. கதவு வேலை அப்படித்தான் இழுக்கும். நிலையைத் தூக்குக்குண்டு போட்டு நிறுத்தி, இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவா என்று பார்த்து, ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். கீல் பதியும் பள்ளத்தை உளியால் தகட்டின் கனத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும். பள்ளம் ஆழமானால் கீல் பக்கம் இடித்துக் கதவு முழுசாக மூடாது. குறைந்தால் கதவு வெளியே தள்ளிக்கொண்டு பூட்டுப் பக்கம் உரசும். அன்று காலை இயக்குநர் லூகாஸ் 'ஸ்டார் வார்ஸ்' தேர்வுக்கு ஆட்களோடு வந்துவிட்டார். தன் முந்தைய படமான 'அமெரிக்கன் கிராஃபிட்டி'யில் நடித்தவர்களை எடுப்பதில்லை என்பது அவர் வைத்திருந்த விதி. மற்றவர்களுக்கு எதிர்வசனம் படிக்க மட்டும் ஃபோர்டைக் கூப்பிட்டார்கள். படித்துப் படித்தே வேடம் அவர் பக்கம் வந்தது. 1977-இல் படம் வெளியானபோது வயது 34.

சண்டைப் பயிற்சி:

மரவேலை அண்ணன் சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். 1985 'விட்னஸ்' படத்தில் ஆமிஷ் மக்கள் (நவீன வசதிகளைத் தவிர்த்து வாழும் கிறிஸ்தவச் சமூகம்) கூடிக் களஞ்சியம் எழுப்பும் காட்சியில் அவர் உளியையும் சுத்தியலையும் பிடிக்கிற விதத்தைப் பாருங்கள். நடிகர்கள் சுத்தியலைத் தலைப்பக்கம் பிடித்துத் தட்டுவார்கள். இவர் பிடியின் கடைசியில் பிடித்து எடையை விழவிடுகிறார். ஆஸ்கர் பரிந்துரை அவருக்குக் கிடைத்தது அந்த ஒரே படத்துக்குத்தான்.

சாட்டைக்கு வருவோம். இந்தியானா ஜோன்ஸ் பாத்திரத்தில் அவர் வீசும் சாட்டை 10 அடி, கங்காரு தோல், டேவிட் மோர்கன் பின்னியது. மாட்டுத்தோலைவிடக் கங்காரு தோல் மெல்லியது, ஆனால் இழுவை தாங்கும். அதனால் நுனிவரை சீராகச் சிறுத்துக்கொண்டே போகும்படி பின்னலாம். அந்தச் சிறுத்தல்தான் சத்தத்துக்குக் காரணம். கைப்பிடியில் கொடுக்கிற அலை நுனியை நோக்கி ஓட ஓட வேகம் கூடி, கடைசி முனை ஒலியின் வேகத்தைத் தாண்டுகிறது. அந்த 'டப்' சத்தம் அதுதான், எதன்மீதும் பட்டு வருவதல்ல. பின்னலுக்குப் பிறகு ஒற்றை வார், அதன் நுனியில் நூல் முடிச்சு. இந்த இரண்டும் தேயும், மாற்றலாம். தேய்ந்ததை மாற்றாமல் வீசினால் பின்னலே பிரியத் தொடங்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் மணிக்கட்டைச் சீக்கிரம் திருப்பிவிடுவார்கள். சாட்டை திரும்பி வந்து காதையும் கழுத்தையும் கிழிக்கும். பழக அகல விளிம்புத் தொப்பி, கண்ணாடி, முழுக்கைத் தோல் சட்டை வேண்டும்: ஜோன்ஸின் உடுப்பே பயிற்சிக் கவசம்தான், கண்ணாடி ஒன்றுதான் குறை.

1980-இல் துனிசியாவில் முதல் இந்தியானா ஜோன்ஸ் படமான 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' எடுத்தபோது வாள்வீரனோடு நீளமான சண்டை எழுதியிருந்தார்கள். சாட்டைக்கும் வாளுக்கும் போட்டி. ஃபோர்டுக்கு வயிற்றுக்கடுப்பு. குழுவில் பெரும்பாலோருக்கும் அதுதான். இயக்குநர் ஸ்பீல்பெர்க் மட்டும் கொண்டுவந்த டப்பா உணவைத் தின்று தப்பித்தார். கழிப்பறையை விட்டு ரொம்ப நேரம் தள்ளி நிற்க முடியாத ஆள், "பேசாமல் சுட்டுவிடலாமே" என்றார். வாள்வீரனாக நடிக்க வாரக்கணக்கில் வாள் பழகிய டெர்ரி ரிச்சர்ட்ஸுக்கு ஒரே தோட்டாவில் வேலை முடிந்தது. சண்டையை வெட்டுவதால் படம் கெடும் என்று நினைக்கும் தயாரிப்பாளர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

அதே படத்தில் லாரிக்கு அடியில் இழுபடும் காட்சியில் அடியில் போனவர் ஸ்டண்ட் கலைஞர் டெர்ரி லெனார்ட். லாரியை வழக்கத்தைவிட உயரமாக அமைத்தார்கள். சாலை நடுவில் பள்ளம் வெட்டினார்கள். வண்டியை மெதுவாக ஓட்டி, கேமராவைக் குறைந்த வேகத்தில் சுழற்றினார்கள். திரையில் அது பறக்கிறது. அதற்கு முன் வேறு படத்தில் இதே மாதிரி ஒன்றை முயன்று அடிபட்டவர் லெனார்ட். அதனால் நம்பகமான ஆள் ஸ்டீயரிங்கில் இருந்தால்தான் செய்வேன் என்றார், க்ளென் ராண்டல் ஓட்டினார். பின்னால் இழுபடும் சில ஷாட்டுகளில் ஃபோர்டே இருந்தார். விலா எலும்புகளில் அடி.

கண்டிக்காரர்:

இரண்டாவது இந்தியானா ஜோன்ஸ் படமான 'டெம்பிள் ஆஃப் டூம்' 1983-இல் இலங்கைக்கு வந்த காரணம், இந்திய அரசு திரைக்கதையில் மாற்றம் கேட்டது. கதையில் வரும் 'இந்திய' கிராமம் கண்டிப் பக்கம் போட்ட செட். ஊர்க்காரர்கள் பேசுவது சிங்களம். பூசாரியாக வருபவர் இலங்கை நடிகர் டி.ஆர். நாணயக்கார. தொங்குபாலம் விக்டோரியா அணை வேலை நடந்த இடத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில். அணைக்காக வந்திருந்த பிரிட்டிஷ் பொறியாளர்கள் பாலத்துக்கும் கைகொடுத்தார்கள். கயிறு மாதிரி தெரிந்தாலும் உள்ளே எஃகு வடம். அறுந்து விழுவதை ஒரே தடவைதான் எடுக்க முடியும் என்பதால் வடங்களில் சிறு வெடி வைத்து, கைகால் ஆட்டும் பொம்மைகளை நிறுத்தி, பல கேமராக்களில் எடுத்தார்கள். ஸ்பீல்பெர்க்குக்கு உயரம் ஆகாது, அந்தப் பாலத்தில் நடக்கவே மாட்டார். ஃபோர்டு அதன்மேல் ஓடியே கடந்தார்.

எலும்பு முறிவு:

அந்தப் படத்தில்தான் முதுகு போனது. யானைச் சவாரியிலேயே வலி இருந்தது. லண்டன் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் படுக்கையறைச் சண்டையில் முதுகெலும்பு வட்டு பிதுங்கிவிட்டது. விமானத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் கொண்டுபோய், பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் கைமோபப்பெய்ன் நொதியை வட்டுக்குள் ஊசியால் ஏற்றினார்கள். அமெரிக்காவில் 1982-இல்தான் அனுமதி கிடைத்த மருந்து. வட்டின் நடுக்கூழில் நீரைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்தை அது உடைக்கும். கூழ் சுருங்கும், நரம்பின் மேல் அழுத்தம் குறையும். உறை கிழிந்து துண்டு வெளியே போயிருந்தால் பயன் இல்லை. ஒவ்வாமை வந்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் இரண்டாம் முறை போடத் தயங்குவார்கள். 2003-இல் அமெரிக்காவில் விற்பனையே நின்றுவிட்டது.

அவர் இல்லாத வாரங்களில் டூப் விக் ஆர்ம்ஸ்ட்ராங்கை வைத்து முதுகுப்பக்க ஷாட்டுகளை எடுத்தார்கள். உயரம், தோள், நடை எல்லாம் அவ்வளவு ஒத்துப்போகும்.

1993 'தி ஃபியூஜிட்டிவ்' காட்டுக் காட்சியில் கால் தசைநார் கிழிந்தது. படம் முடியும்வரை அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்றார். மீதிப் படத்தில் வரும் நொண்டல் நடிப்பு அல்ல.

2014 ஜூன், இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோ, புதிய 'ஸ்டார் வார்ஸ்' படப்பிடிப்பு. மில்லெனியம் ஃபால்கன் கப்பலின் ஹைட்ராலிக் கதவு அவரைத் தரையோடு நசுக்கி இடதுகாலை முறித்தது. 1977 படத்தில் இப்படிப்பட்ட கதவைக் கப்பியில் கட்டிய கயிற்றை ஆள் தளர்த்திவிட்டு மூடினார்கள்.  புதியதில் தொலைவில் ஒருவர் பொத்தானை அழுத்தினார். ரிகர்சல் முடிந்தது, கதவுக்கு இணைப்பு இல்லை என்று நினைத்து ஃபோர்டு திரும்பி நடந்தார். தடை பட்டால் தானே நிற்கும் ஏற்பாடு இல்லை. ஆபத்து முன்பே கணிக்கப்பட்டிருந்தும் நடவடிக்கை இல்லை. 2016-இல் தயாரிப்பு நிறுவனத்துக்கு 16 லட்சம் பவுண்டு அபராதம். நம் செட்டுகளில் லிஃப்ட், டிராலி, தீக்காட்சி வைத்து வேலை செய்கிறவர்கள் அந்த வழக்கைப் படிக்கலாம்.

ஹேங்கர்:

விமானத்தில் அவர் பொழுதுபோக்குப் பணக்காரர் இல்லை. கல்லூரி நாளில் விஸ்கான்சினில் பாடம் தொடங்கி, மணிக்கு 15 டாலர் கட்ட முடியாமல் விட்டவர். 50 வயது தாண்டித்தான் திரும்பப் பழகி உரிமம் வாங்கினார்.

1999-இல் கலிபோர்னியாவில் பயிற்சியாளரோடு பெல் 206 ஹெலிகாப்டரில் எஞ்சின் இல்லாமல் இறங்கும் பயிற்சி. கீழிருந்து வரும் காற்றே சுழலியைச் சுற்றும்; தரைக்கு மேலேயே எஞ்சினைத் திரும்பக் கொடுத்து எழும்ப வேண்டும். டர்பைன் எஞ்சின் கேட்ட உடனே சக்தி தராது. 200 அடிக்கும் கீழே போன பிறகு கொடுத்ததால் வேகம் கூடவில்லை. ஆற்று மணலில் சறுக்கி மரக்கட்டையில் மாட்டிக் கவிழ்ந்தது. இருவருக்கும் காயமில்லை.

2015 மார்ச் 5, சான்டா மோனிகா. 1942 காலத்து ரையன் பயிற்சி விமானம், கின்னர் 160 குதிரைத்திறன் எஞ்சின். கிளம்பிய சற்று நேரத்தில் சக்தி போனது. கார்புரேட்டரின் பிரதான ஜெட், அதாவது எரிபொருளை அளந்துவிடும் துளை கொண்ட திருகு, தன் இருக்கையிலிருந்து கழன்றுவிட்டது. அளவுக்கு மேல் பெட்ரோல் பாய்ந்து கலவை கெட்டது. கார்புரேட்டரைப் பிரித்துச் சேர்த்து 17 ஆண்டு ஆகியிருந்தது. ஜெட்டை இடையில் சோதிக்கச் சொல்லும் வழிமுறை எதிலும் இல்லை. தாழ்வான உயரத்தில் ஓடுதளத்துக்குத் திரும்பும்போது 45 டிகிரி சாய்ந்தால் ஸ்டால் வேகம் (இறக்கை விமானத்தைத் தூக்கத் தவறும் வேகம்) ஏறத்தாழ 19 சதவீதம் கூடும். பலர் அங்கேதான் சாகிறார்கள். திரும்பிச் சேர முடியாது என்று தெரிந்ததும் பெண்மார் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்தார். மரத்தில் தட்டி இறங்கினார். தோள் பெல்ட்டை வலுவூட்டாத இருக்கை முதுகில் பொருத்தியிருந்தார்கள், அது பிடுங்கிக்கொண்டது. காயம் கடுமையானதற்கு அதுவும் ஒரு காரணம்.

2017-இல் ஜான் வேய்ன் விமான நிலையத்தில் 20 இடது ஓடுதளத்துக்கு அனுமதி; இறங்கியது விமானங்கள் ஊர்ந்து செல்லும் பாதையான டாக்ஸிவேயில், காத்திருந்த 737-க்கு மேலாக. ஓடுதளத்துக்கு வெள்ளைக் கோடு, டாக்ஸிவேக்கு மஞ்சள். கடைசி 300 அடியில் நிறத்தைப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தவறு வராது. தண்டனை இல்லை. 2020-இல் ஹாதோர்னில் அனுமதியில்லாமல் ஓடுதளத்தைக் கடந்ததற்குத் திருத்தப் பயிற்சி.

அதே ஆள் 2000-இல் அமெரிக்காவின் டேபிள் மவுண்டனில் மயங்கிய மலையேறியைத் தன் ஹெலிகாப்டரில் மீட்டார். அந்தப் பெண் உள்ளேயே வாந்தி எடுத்தார். மறு ஆண்டு தொலைந்த 13 வயது சாரணச் சிறுவனைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

மரவேலை:

குடும்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் மனைவி மேரி மார்க்வார்ட், 1964 முதல் 1979 வரை, பிள்ளைகள் பென், வில்லார்ட். 'ஈ.டி.' திரைக்கதை எழுதிய மெலிசா மாத்திசன், 1983 முதல் 2004 வரை, பிள்ளைகள் மால்கம், ஜார்ஜியா. 2010-இல் நடிகை கலிஸ்டா ஃப்ளாக்ஹார்ட், அவர் தத்தெடுத்த மகன் லியம். முதல் மண வாழ்க்கை தச்சு வேலையோடும், இரண்டாவது வயோமிங் பண்ணையோடும் ஓடியது. அந்தப் பண்ணையில் ஏறக்குறைய பாதி நிலத்தில் இனி யாரும் கட்டடம் கட்ட முடியாதபடி எழுதிக் கொடுத்துவிட்டார்.

சண்டைப் பயிற்சி:

'ஃபியூஜிட்டிவ்' ரயில் விபத்து மாடல் இல்லை, நிஜ ரயிலை ஒரே டேக்கில் மோதவிட்டது. சிதைவு இன்றும் வட கரோலினாவின் டில்ஸ்பரோவில் கிடக்கிறது. பிரைசன் சிட்டியில் கிளம்பும் டக்கசீஜி ஆற்று ரயில் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தால் அதன் பக்கமாகப் போகும்.