டெபியன் 12: வைஃபை மெனுவிலேயே இல்லை (கார்டின் அடையாள எண் 14இ4:4365)

கேள்வி:
வணக்கம். அக்கா கல்லூரியில் படித்தபோது வாங்கிய லேப்டாப்பில் டெபியன் 12 லினக்ஸ் போட்டிருக்கிறேன். சவுண்ட், டச்பேட் எல்லாம் தானாகவே வந்துவிட்டன. வைஃபை மட்டும் வரவில்லை. உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்தால், வைஃபை கார்டை பிராட்காம் பிசிஎம்43142 என்று காட்டுகிறது. ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) எல்லாம் இப்போது இன்ஸ்டாலரோடு வருகிறது என்றுதானே சொன்னார்கள்? வீட்டில் லேன் கேபிள் கிடையாது. தங்கைக்கு ஆன்லைன் வகுப்பு இதில்தான்.

பதில்:
தம்பி, எல்எஸ்பிசிஐயில் தெரிகிறது என்றால் கார்டு உயிரோடு இருக்கிறது, கவலை வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டதும் சரி. 2022இல் டெபியன்காரர்கள் ஓட்டெடுப்பு நடத்தி, ஃபர்ம்வேரை இன்ஸ்டாலரில் சேர்த்தார்கள். ஆனால் உங்கள் சிப்புக்கு ஃபர்ம்வேர் மட்டும் போதாது. 'டபிள்யூஎல்' என்கிற மூடிய (சோர்ஸ் வெளியிடப்படாத) டிரைவரே வேண்டும். அது டெபியன் பேக்கேஜ்களின் 'நான்-ஃப்ரீ' பிரிவில் தனியாக இருக்கிறது. பிராட்காம் கார்டுகளுக்கான திறந்த டிரைவரான பி43யோடு மல்லுக்கட்டாதீர்கள், அதற்கு இந்தச் சிப்பைத் தெரியாது.

போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போடுங்கள், நெட் வந்துவிடும். பேக்கேஜ்கள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பின் வரிகளில் 'நான்-ஃப்ரீ' சேர்த்து ஆப்ட் அப்டேட் கொடுங்கள். பிறகு லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64, பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் இரண்டையும் சேர்த்தே நிறுவுங்கள். ஹெடர்ஸ் (கம்பைல் செய்யத் தேவையான கெர்னல் கோப்புகள்) இல்லாவிட்டால் பேக்கேஜ் ஏறும், மாட்யூல் (அதாவது டிரைவர்) கம்பைல் ஆகாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கேட்டவர்:
ஏறிவிட்டது அண்ணா. ஆனால் டிரைவரை ஏற்ற மாட்ப்ரோப் டபிள்யூஎல் கட்டளை கொடுத்தால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்கிறது. நம்பகமான கையெழுத்து இல்லாததைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்துவிடட்டுமா?

பதில்:
அணைக்க வேண்டாம். பல இடங்களில் அதைத்தான் முதல் வைத்தியமாகச் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மாட்யூலைக் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ், உங்கள் மெஷினிலேயே ஒரு சாவி உண்டாக்கி மாட்யூலில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அந்தச் சாவியை மெஷின் இன்னும் ஏற்கவில்லை, அவ்வளவுதான். /வார்/லிப்/டிகேஎம்எஸ் ஃபோல்டரில் மாக்.பப் என்ற சாவிக் கோப்பு இருக்கும். மாக்யூடில் கட்டளையால் அதை இம்போர்ட் செய்யுங்கள். ஒரு பாஸ்வேர்டு கேட்கும், எழுதி வையுங்கள். ரீபூட் ஆனதும் நீலத் திரை வரும். உடனே ஏதாவது ஒரு கீயை அழுத்துங்கள், தாமதித்தால் அது பாட்டுக்கு பூட் ஆகிவிடும். 'என்ரோல் மாக்' தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

இன்னொருவர்:
இது ஓடும். ஆனால் 2015க்குப் பிறகு அந்த டிரைவரில் புதுப் பதிப்பே வரவில்லை. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மாற மாற, டெபியன் தன்னார்வலர்கள்தான் பேட்ச் போட்டுக் காப்பாற்றுகிறார்கள். கை வைக்கத் தயார் என்றால் ஏடிஎச்9கே டிரைவரில் ஓடும் பழைய ஏதெரோஸ் கார்டு ஒன்றை மாட்டுங்கள். டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, தனி ஃபர்ம்வேரும் வேண்டாம். சில லேப்டாப்களின் பயாஸ் வேறு கார்டை ஏற்காது. உங்கள் மாடலில் எப்படி என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கேட்டவர்:
வைஃபை வந்துவிட்டது அண்ணா! ரொம்ப நன்றி. ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் பட்டியலில் வரவில்லையே?

பதில்:
அந்தச் சிப்பில் 2.4 மட்டும்தான் உண்டு தம்பி. வகுப்புக்கு அது தாராளம்.