மறுமொழி: டாக்கிங் என்பதற்கு 'மூலக்கூற்றுப் பிணைப்பு' சரியா?

ஐயா, வணக்கம்.

டாக்கிங் (docking) என்பதற்கு நீங்கள் தந்த 'மூலக்கூற்றுப் பிணைப்பு' எனக்கு உறுத்துகிறது. பிணைப்பு என்றால் நடந்து முடிந்த காரியம். டாக்கிங்கில் எதுவும் பிணைவதில்லை. ஒரு மூலக்கூறு ஒரு புரதத்தின் குழிவில் எப்படிப் பொருந்தும் என்று கணினிக்குள் போடும் கணக்கு அது.

உதாரணத்துக்குக் கொரோனா வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது தனக்கு வேண்டிய பல புரதங்களை நீண்ட சங்கிலியாகச் செய்துகொண்டு, பிறகு முக்கியமாக ஒரு நொதியை வைத்துத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்கிறது. அந்த நொதியில் ஒரு குழிவு. அங்கே 145ஆம் இடத்துச் சிஸ்டீன், 41ஆம் இடத்து ஹிஸ்டிடின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்து வெட்டுகின்றன. நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராபோலைடு என்ற வேதிப்பொருளோ மஞ்சளில் உள்ள குர்குமினோ அந்தக் குழிவில் எந்தப் பக்கம் திரும்பி உட்காரும், எவ்வளவு வலுவாக ஒட்டும் என்று மென்பொருள் மதிப்பிடுகிறது. அவ்வளவுதான்.

2020இல் 'நிலவேம்பு கொரோனா நொதியோடு பிணைகிறது' என்ற செய்தியைப் படித்துவிட்டு, கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கொல்லை நிலவேம்பை (மலையாளத்தில் கிரியாத்து) வேளை தவறாமல் காய்ச்சிக் குடித்தார். காய்ச்சல் கண்டு நாலு நாள் கழித்துத்தான் மருத்துவரிடம் போனார். பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்தப் பதைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. கஷாயத்தை நான் குறை சொல்லவில்லை. கணினியில் நன்றாக உட்காரும் குர்குமின், வாய்வழி உட்கொண்டால் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். இந்த இடைவெளியைச் சொல்லே காட்ட வேண்டாமா?

அதனால் 'மூலக்கூற்றுப் பொருத்தம் பார்த்தல்' என்று முன்மொழிகிறேன். இரண்டு ஜாதகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம், கல்யாணம் பிறகு. 'பொருத்தம் பார்த்ததில் ஆண்ட்ரோகிராபோலைடு தேறியது' என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் தானாகவே 'அப்புறம்?' என்பார். அப்புறம் ஆய்வகத்தில் வளர்த்த உயிரணு, விலங்கு, மனிதர் என்று சோதனைகள் இருக்கின்றன. எங்கள் ஊர் மலையாளிகளும் 'பொருத்தம் நோக்குக' என்றே சொல்வதால் வகுப்பில் இரு மொழிப் பிள்ளைகளுக்கும் ஒரே சொல் போதும்.

சோதிட வாடை அடிக்கும் என்று தம்பி ஒருவர் தனிமடலில் எழுதினார். பாத்திரத்துக்கு மூடி பொருந்துவதும் பொருத்தம்தான், தம்பி. 'துறையணைவு' என்ற சொல்லும் வேண்டாம், கப்பல் துறையில் அணைவது ஆங்கிலத்தின் உவமை.

மென்பொருள் தரும் எண்ணைப் 'பொருத்த மதிப்பு' எனலாம். பெரும்பாலான மென்பொருள்களில் அது சுழிக்குக் (பூஜ்யத்துக்கு) கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. குழிவுக்குள் மூலக்கூறு உட்காரும் கோலத்துக்குப் 'பொருந்துநிலை' சரிவருமா? இதில் மட்டும் எனக்குத் தெளிவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஐயா.