மறு: ப்ரொபோர்ஷனாலிட்டிக்குத் தமிழ் (வியாழன் அச்சுக்குப் போகணும்)

ஈரோட்டிலிருந்து

வணக்கமுங்க. இளம் வழக்கறிஞர்களுக்கான மனித உரிமைப் பயிற்சி சனி, ஞாயிறு. கையேடு வியாழன் காலை அச்சகத்தில் இருக்க வேண்டும், நான் இன்னும் ஒரே சொல்லில் நிற்கிறேன்: ப்ரொபோர்ஷனாலிட்டி. அரசு ஓர் உரிமையில் கை வைத்தால், அதற்குச் சட்டம் உண்டா, நோக்கம் நியாயமா, இதைவிட லேசான வழி இல்லையா, கிடைக்கிற நன்மை பறிபோகிற உரிமைக்கு ஈடாகுமா என்று வரிசையாகக் கேட்பது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2017 புட்டசாமி தீர்ப்புக்கு அப்புறம் இதைத் தொடாமல் வகுப்பே எடுக்க முடியாது. போன தடவை ‘விகிதாச்சாரம்’ என்று போட்டோம். முன்வரிசையில் ஒரு தம்பி, இது இடஒதுக்கீட்டுப் பாடமா என்று கேட்டார். அவரைக் குறை சொல்லி என்ன, அந்தச் சொல் காதில் விழுவதே தேர்தல் பேச்சில்தானே.

கோபியிலிருந்து

அம்மிணி, வள்ளுவர் இதை எப்போதோ எழுதி வைத்துவிட்டார். ‘தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து.’ குற்றத்துக்கு ஒப்ப ஒறுப்பது என்றுதான் பரிமேலழகரும் உரை சொல்கிறார். ‘ஒப்பளவு’ என்று வையுங்கள். விகிதம் வடசொல், ஆச்சாரமும் வடசொல், இரண்டையும் ஒட்டி நம் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கோவையிலிருந்து

ஐயா, குறள் தண்டனையைப் பேசுகிறது. நம் பயிற்சி தண்டனைக்கு வெகு முன்னால், ஸ்டேஷன் வாசலிலேயே தொடங்குகிறது. கைவிலங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் வழக்கமாகப் பூட்டக் கூடாது என்று 1980இலேயே பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சில குற்றங்களுக்குப் போடலாம் என்கிறது. போடலாம் என்றால் போட்டே தீர வேண்டுமா? ஏழாண்டு வரை தண்டனையுள்ள வழக்கில் எடுத்தவுடனே கைது வேண்டாம், நோட்டீஸ் கொடுத்து வரவழை என்கிற 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பும் இதே கணக்குதான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே என்பார் எங்க அப்பாரு. மாஜிஸ்திரேட் முன்னால் ஜூனியர் எழுந்து நின்று இதைக் கேட்க வேண்டும், அதற்கு வாயில் நிற்கிற சொல் வேண்டும். ‘ஒப்பளவு’ என்றால் ஜவுளிக்கடை மீட்டர் கோல்தான் ஞாபகம் வரும்.

சத்தியமங்கலத்திலிருந்து

நம்மூரில் அதிகமாகிவிட்டால் ‘எச்சாப் போச்சு’ என்கிறோமே, ‘எச்சுகம்மி பார்த்தல்’ என்று வைத்தால் என்ன? வாய்தாவுக்கு வந்த கட்சிக்காரருக்கே புரியுமே. எச்சு என்பது எச்சம் என்பதிலிருந்து வந்ததுதானே?

கோபியிலிருந்து

இல்லவே இல்லை. அது கன்னட ஹெச்சு. பழங்கன்னடத்தில் பெர்ச்சு. நம் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, அதே கதைதான். ஆக நம் ‘பெருகு’க்குப் பங்காளி, மைசூர்ப் பக்கம் போய் ஆளே மாறி, திம்பம் மலைப்பாதை இறங்கித் திரும்பி வந்திருக்கிறான். கம்மி பாரசீகம், அதை நான் சேர்க்க மாட்டேன்.

ஈரோட்டிலிருந்து

ஐயா, செவ்வாய் ராத்திரி ஆகிவிட்டது.

பொள்ளாச்சியிலிருந்து

‘தகவளவு’ பாருங்கள். பொறியியல்காரர்கள் விகிதத்துக்குத் தகவு என்று எழுதுகிறார்கள். ‘தக்கார் தகவிலர்’ என்ற குறளிலும் தகவு உண்டு, அங்கே நடுவுநிலைமை. கோபி வாத்தியார் காட்டிய ‘தக்காங்கு’ம் இதே வேர்தான். கணக்கும் நியாயமும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

கோவையிலிருந்து

நல்ல சொல். ஆனால் என் போன் ஒவ்வொரு தடவையும் ‘தகவல்’ என்று திருத்துகிறது. மனுவில் அப்படிப் போய்விட்டால் எதிர்த்தரப்பு சிரிக்கும்.

ஈரோட்டிலிருந்து

சரிங்க. தகவளவுக்கு நாலு பேர், விகிதாச்சாரமே போதும் என்று இரண்டு பேர் தனிமடலில், எச்சுகம்மிக்கு ஒருவர். தலைப்பில் ‘தகவளவு’, முதல் தடவை மட்டும் அடைப்புக்குறிக்குள் ‘விகிதாச்சாரம்’. கைவிலங்குப் பயிற்சியில் எச்சுகம்மியை வாய்ப்பேச்சாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கோபியிலிருந்து

அடைப்புக்குறி இருந்தால் நன்றியுரையில் என் பெயர் வேண்டாம், அம்மிணி. ‘ஒப்பளவு’ என்றே நான் எழுதுவேன்.

கோவையிலிருந்து

அடுத்த பக்கத்தில் ‘ரெமெடி’ நிற்கிறதே, உரிமை பறிபோனால் நீதிமன்றம் தருகிற தீர்வு, அதற்கு என்ன போட்டீர்கள்? பரிகாரமா?

சத்தியமங்கலத்திலிருந்து

பரிகாரம் என்று போட்டால் பாதிப் பேர் தோஷம் கழிக்கக் கொடுமுடிக் கோயிலுக்குப் பஸ் ஏறிவிடுவார்கள்.