மலேசியா சுங்கை சிப்புட்ல இருந்துக்கிட்டே ஈடிஎம் (கிளப்புல ஓடுற எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்) புரொடியூசர் ஆக முடியுமா? மில் வேலைய விடலாமா?

சிப்புட் பையன்:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எனக்கு 24 வயசு. சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு எஸ்டேட்டுல பொறந்தேன், இப்ப டாமான்ல (குடியிருப்புப் பகுதியில) வீடு. அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) சீவுனவரு. நான் செம்பனை எண்ணெய் மில்லுல பாய்லர் பக்கம் வேலை பாக்குறேன். நைட் ஷிப்டு முடிஞ்சு வந்தா தூங்க மாட்டேன், எஃப்எல் ஸ்டூடியோன்னு பாட்டு பண்ற சாஃப்ட்வேரத் தொறந்து உக்காந்துடுவேன்.

ரெண்டு வருஷம் டிரையல்தான் வச்சிருந்தேன். அதுல சேவ் பண்ணலாம், ஆனா சேவ் பண்ணத மறுபடி தொறக்க முடியாது. அதனால ஒரு பாட்டுக்காக 11 நாள் லேப்டாப்ப அணைக்காமலே வச்சிருந்தேன். இடி மழையில கரண்டு போச்சு. பேட்டரி எப்பவோ செத்தது. பாட்டும் போச்சு. அன்னைக்கு அம்மா மொகத்துல இருந்த சந்தோஷத்த நான் மறக்க மாட்டேன். அதுக்கப்புறம் ஓவர்டைம் காசு சேத்து வாங்கிட்டேன்.

15 வயசுலேர்ந்து உறுமி செட்டுலயும் இருக்கேன். என் ஆசை, உறுமிய வச்சு ஈடிஎம் பண்ணணும். ஆனா தைப்பூசத்துக்கு நாங்க அடிக்கிற அடிய 128 பிபிஎம் (நிமிஷத்துக்கு 128 அடி) கிக் டிரம் மேல வச்சா ஒட்டவே மாட்டேங்குது. ரெண்டு பேரு தனித்தனியா சண்ட போடுற மாதிரி இருக்கு. பழைய பக்திப் பாட்டு கேசட் ஒண்ணுலேர்ந்து ஒரு குரல எடுத்துப் போட்டிருக்கேன், அது மட்டும் நல்லா உக்காந்திருக்கு.

கேஎல்ல (கோலாலம்பூர்ல) இருக்கிற கூட்டாளி வேலைய விட்டுட்டு வாடாங்கிறான். ரூம் வாடகை பாதி பாதி, கிளப்புல வாசிக்க சான்ஸ் இருக்காம். அம்மா கேட்டா 2014-ல புக்கிட் ஜாலில் மியூசிக் ஃபெஸ்டிவல்ல 6 பேரு செத்தாங்களேன்னு ஆரம்பிச்சுடுவாங்க. போகலாமா?

பழைய சவுண்டு, கிள்ளான்:

தம்பி, அடி ஒட்டலன்னு கேட்ட பாரு, அதுதான் நல்ல கேள்வி. மொதல்ல அத முடிச்சுடுவோம்.

காவடிக்கு நீங்க அடிக்கிறது திஸ்ரம். ஒரு அடிக்குள்ள மூணு. எஃப்எல் ஸ்டெப் சீக்வென்சர் ஒரு பாருக்கு, நாலு அடிக்கு, 16 கட்டம் தரும், அதாவது ஒரு அடிக்கு நாலு. மூணு பேர நாலு நாற்காலியில சமமா உக்காரச் சொன்னா எப்படி? பியானோ ரோல்ல ஸ்னாப்ப (நோட்டு ஒட்டுற கட்டத்த) 1/3 பீட்டுக்கு மாத்து. கிக் நேரா நாலடி போகட்டும், உறுமி அதுக்கு மேல மூணு மூணா ஓடட்டும். அப்புறம் பாரு, சண்ட நின்னுடும்.

அடுத்தது, உறுமியோட அந்த ‘ஊம்ம்’. ஒரு தலைய வளைஞ்ச குச்சியால தேய்ச்சு நாம வர வைக்கிற சத்தம், பேஸ் சின்த்ல சுதி வழுக்கிக்கிட்டே போறத கிளைடுன்னு சொல்றாங்களே, அந்த வேலையத்தான் செய்யுது. அது பேஸ் பக்கம் போய் கிக்கோட மோதும். சைட்செயின் போடு: கிக் விழும்போது உறுமி அமுங்கி, அடுத்த நொடியே எழும்பணும். 128-ல 8 பார்னா சரியா 15 விநாடி. டிராப்புக்கு (பாட்டு முழு பீட்டோட எறங்குற எடத்துக்கு) முன்னாடி அந்த 15 விநாடி தனி உறுமி மட்டும் விட்டுப் பாரு. ஸ்டாக்ஹோம் பையன் எவனுக்கும் அது கெடைக்காது.

ஸ்டாக்ஹோம்னதும் அந்த ஊரு டிஜே அவீச்சி ஞாபகம் வந்துருச்சு. என் போன்ல ரொம்ப நாளு அவன் படம்தான். நெசப் பேரு டிம் பெர்க்லிங், 1989-ல பொறந்தவன். பௌத்தத்துல அடிமட்ட நரகத்துக்கு அவீசின்னு பேரு, அதத்தான் வச்சுக்கிட்டான். நீ வச்சிருக்கியே, அதே எஃப்எல் ஸ்டூடியோவுல வீட்டு ரூம்ல உக்காந்து பழகுனவன். 2011-ல அவனோட ‘லெவல்ஸ்’ பாட்டு வந்தப்ப 22 வயசு. 2013-ல மயாமி அல்ட்ரா மியூசிக் ஃபெஸ்டிவல் மேடையில ‘வேக் மீ அப்’ பாட்டுக்கு பான்ஜோன்னு நாட்டுப்புற நரம்பு வாத்தியமெல்லாம் ஏத்துனான். என்னடா இதுன்னு பாதிக் கூட்டம் மொகத்தச் சுளிச்சுச்சு. அந்தப் பாட்டுதான் அந்த வருஷமே நாடு நாடா முதல் எடத்துக்குப் போச்சு. உறுமி போட்டா சிரிப்பாங்களோன்னு நெனச்சின்னா இத ஞாபகம் வச்சுக்கோ.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. 8 வருஷத்துல 800-க்கு மேல ஷோ. பிளைட், கிளப், குடி, தூக்கமில்ல. 2012-லயே கணையம் வீங்கி ஆஸ்பத்திரி. 2014-ல பித்தப்பையும் குடல்வாலும் எடுத்தாங்க. 2016-ல, 26 வயசுல, இனிமே மேடை வேணாம்னுட்டான். ஆகஸ்டுல ஸ்பெயின் இபிசா தீவுல கடைசி ஷோ. பாட்டு பண்றத மட்டும் விடல. 2018 ஏப்ரல் 20, மஸ்கட்ல போயிட்டான். 28 வயசு. அன்னைக்கு நான் ஒரு கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் எறக்கிக்கிட்டிருந்தேன். செய்தியப் பாத்துட்டு லோரிக்குப் பின்னாடி போய் உக்காந்துட்டேன்.

பாட்டு பண்றது ஒரு வேலை, ராத்திரி ராத்திரி மேடை ஏறுறது வேற வேலை. உன் கூட்டாளி உன்னக் கூப்புடுறது ரெண்டாவதுக்கு. நானும் போனவன்தான். கேஎல் செந்தூல்ல ஒரு ரூம்ல நாலு பேரு. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி காலி ஹால்ல வாசிக்க ராத்திரிக்கு 150 வெள்ளி (ரிங்கிட்), அதுலயும் ஒரு எடத்துல ரெண்டு மாசம் தரவே இல்ல. அந்த ரெண்டு வருஷத்துல நான் முழுசா முடிச்ச பாட்டு எத்தன தெரியுமா? ஒண்ணுகூட இல்ல. மிச்சம் இடது காதுல ஒரு ‘ஈஈ’ சத்தம், இன்னைக்கும் இருக்கு. வாரக் கடைசியில போய் வாசி, யாரு வேணாங்குறா. காதுக்கு அடைப்பான் வச்சுக்கோ. வேலைய மட்டும் இப்ப விடாத.

உறுமிக்காரன்:

சவுண்டு அண்ணே கணக்கெல்லாம் சரிதான். ஆனா மச்சான், காவடி எடுக்கிறவருக்கு சாமி வந்தா நாம அவரு காலப் பாத்து வேகம் ஏத்துவோம், எறக்குவோம். உன் லேப்டாப் யாரு காலப் பாக்கும்?

சிரிப்புக்குச் சொல்லல. 128-னு ஆணி அடிச்சு வச்சா உறுமி செத்த உறுமிதான். நம்ம செட்டு வாசிக்கிறத மொதல்ல ரெக்கார்டு பண்ணு, அந்த வேகம் எப்படி ஏறுதோ அப்படியே டெம்போவ ஏத்திக் கொண்டு போ. அதுக்கப்புறம் கிக் போடு. கிக்குதான் நம்ம பின்னாடி வரணும், நாம கிக்கு பின்னாடி போகக் கூடாது.

லயத்து அக்கா:

தம்பி, கேசட் குரல யாருமே கவனிக்கல போல. அத இப்பவே எடுத்துடுங்க. ஒரு பாட்டுல ரெண்டு உரிமை இருக்கு: எழுதி மெட்டுப் போட்டது ஒண்ணு, பாடிப் பதிவு பண்ணுனது இன்னொண்ணு. ரெண்டு பக்கமும் அனுமதி வாங்கணும். சவுண்டு அண்ணே சொன்ன ‘லெவல்ஸ்’ல வர்ற பொம்பளக் குரலும் எட்டா ஜேம்ஸ் 1962-ல பாடுனதுதான். பெரிய கம்பெனிக்கு அந்த அனுமதிய வாங்கிக் குடுக்க வக்கீல் இருக்கான். உங்களுக்கு யாரு இருக்கா? பாட்டு நல்லா ஓடுற அன்னைக்குத்தான் நோட்டீஸ் வரும்.

சொந்தமா மெட்டுப் போடுறீங்கன்னா எம்ஏசிபியில (பாட்டெழுதுறவங்க, மெட்டுப் போடுறவங்களோட மலேசிய உரிமை அமைப்பு) உறுப்பினரா சேந்து பாட்டப் பதிஞ்சுடுங்க. ரேடியோவுல, கடையில எங்க ஓடுனாலும் இசையமைச்சவங்களுக்குச் சேர வேண்டிய காச அவங்கதான் வசூல் பண்றாங்க.

குரல் வேணும்னா உங்க வீட்டுல ஆயா இல்லையா? எங்க ஆயா ரப்பர் பால் வாளி தூக்கிக்கிட்டுப் பாடுன பாட்டு எனக்கு இன்னும் ரெண்டு வரிதான் ஞாபகம் இருக்கு. யாரும் பதிஞ்சு வைக்கல.

அம்மாகிட்ட சண்ட போடாதீங்க. அந்த 2014-அ எங்க வீட்டுலயும் இன்னும் சொல்லிக் காட்டுறாங்க.

சிப்புட் பையன்:

எல்லாருக்கும் நன்றி. மில்லுக்கு லீவு போடல, கேஎல்லுக்கு மாசத்துல ஒரு சனிக்கிழமை மட்டும் வர்றேன்னு கூட்டாளிகிட்ட சொல்லிட்டேன். கோவத்துல இருக்கான்.

1/3 பீட் மாத்துனேன். அடப்பாவி, ரெண்டு வருஷமா இந்த ஒரு பட்டனுக்கா! நேத்து பாய்லர்ல ஆவி வெளிய விடுற சத்தத்தையும் போன்ல புடிச்சேன், டிராப்புக்கு முன்னாடி ஏறுற பில்டப்புக்கு அத வச்சிருக்கேன். கேசட் குரல எடுத்தாச்சு. ஆயாகிட்ட கேட்டேன், பல்லு செட்டு மாட்டாம பாட மாட்டேன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை பாடுறாங்களாம்.

உறுமிக்கு மைக் எவ்வளவு தூரத்துல வைக்கணும்?

பழைய சவுண்டு, கிள்ளான்:

தேய்க்கிற தலைப் பக்கம், ஒரு முழம். காத்தாடிய நிப்பாட்டிடு. ஆயா பாடும்போதும் நிப்பாட்டு, வேர்க்குதுன்னு திட்டுவாங்க, பரவால்ல.