நெட் இல்லாமல் பதினொரு கணினிக்கும் பைல் அனுப்பும் மென்பொருளைப் போடுவது எப்படி?

முரசுமோட்டைப் பொடியன் கேட்டது:

வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறேன், சம்பளம் இல்லாத வேலை. இருப்பது பதினொரு மெஷின், ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் தந்தது என்பதால் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை. நான்கு வின்டோஸ் 7 (அதில் மூன்று 32 பிட்), ஐந்து வின்டோஸ் 10, ஒரு லினக்ஸ் மின்ட், அப்புறம் லண்டனில் இருந்து லீவில் வந்த ஒருவர் விட்டுவிட்டுப் போன பழைய மேக்புக். இதற்கு மேல் பிள்ளைகளின் போன்கள்.

வினாத்தாள், வீடியோப் பாடம் எல்லாம் இவ்வளவு நாளும் பென்டிரைவில்தான் ஓடியது. இப்போது எந்தப் பென்டிரைவைத் திறந்தாலும் போல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டாகக் கிடக்கிறது, வைரஸ்தான். உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் புரொஜெக்ட் அதில் போய்விட்டது, அவளுடைய அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

அதனால் வைஃபையிலேயே அனுப்பலாம் என்று ஒரு மென்பொருளை ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியாக டவுன்லோட் பண்ணத் தொடங்கினேன். இரண்டு மெஷின் முடிய முன்னமே 4ஜி ரவுட்டரில் இருந்த மாத டேட்டா முழுக்க முடிந்துவிட்டது, திகதி எட்டுத்தான். போட்ட இரண்டும் ஒன்றையொன்று காணவும் இல்லை. எல்லா மெஷினிலும் ஓடக்கூடியது எது, அதை ஒரே தரம் இறக்கி எல்லாவற்றிலும் எப்படிப் போடுவது, வைரஸ் பிடித்த பென்டிரைவைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

இரணைமடுத் தண்ணி எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் பிள்ளையின் புரொஜெக்டைப் பார். அநேகமாக அது போகவில்லை. இந்த ஷோர்ட்கட் வைரஸ் பெரும்பாலும் பைலை அழிப்பதில்லை, மறைத்துவிட்டு அதே பெயரில் ஷோர்ட்கட் வைக்கும், சில வகை எல்லாவற்றையும் பெயரே இல்லாதது போலத் தெரியும் ஒரு போல்டருக்குள் தள்ளிவிடும். உன்னிடம் லினக்ஸ் மின்ட் இருக்கிறதே, பென்டிரைவை அதில் சொருகு. வின்டோஸின் மறைப்பு அடையாளத்தை லினக்ஸ் கணக்கில் எடுக்காது, எல்லாம் அப்படியே தெரியும். பிள்ளையின் பைலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பென்டிரைவை அங்கேயே போர்மட் பண்ணு. இதை இன்றைக்கே செய், மற்றது நாளைக்கு.

டேட்டாவைத் தின்றது நீ இறக்கிய மென்பொருள் அல்ல. வின்டோஸ் 10 நெட்டைக் கண்டவுடன் தன் அப்டேட்டை இழுக்கத் தொடங்கும், ஐந்து மெஷின் சேர்ந்து இழுத்தால் எந்தப் பக்கேஜும் தாங்காது. செட்டிங்ஸில் அந்த வைஃபையை மீட்டர்ட் கனெக்ஷன், அதாவது அளவான டேட்டா உள்ள இணைப்பு, என்று மாற்றி வை.

மென்பொருளுக்கு என் பதில் லோக்கல்சென்ட். இலவசம், திறந்த மூலம், பிரதி எடுத்துக் கொடுக்கத் தடையில்லை. வின்டோஸ், லினக்ஸ், மேக், அன்ட்ரொயிட், ஐபோன் எல்லாவற்றுக்கும் உண்டு. கணக்குத் திறக்கத் தேவையில்லை, பைல் நெட்டுக்குப் போகாமல் ரவுட்டருக்குள்ளேயே சுற்றும் என்பதால் டேட்டா ஒரு துளியும் போகாது. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடு, டேட்டா போகும் என்ற பயத்தில் வைஃபையையே அணைத்து வைப்பார்கள்.

ஆனால் உன் பழைய மெஷின்களில் சிக்கல். வின்டோஸ் 7 இல் ஓடும் கடைசிப் பதிப்பு 1.15.4, அதைத் தேடி இறக்க வேண்டும். 32 பிட்டில் அது ஓடவே ஓடாது. மேக்குக்கு மேக்ஓஎஸ் 11 ஆவது வேண்டும், பழைய மேக்புக்கில் அது இருக்காது என்று நினைக்கிறேன். அவற்றுக்கு மென்பொருள் எதுவும் போடாதே. லோக்கல்சென்டிலேயே இணைப்பு மூலம் பகிர்வது என்று ஒரு வழி இருக்கிறது, அது காட்டும் முகவரியைப் பழைய மெஷினின் பிரவுசரில் அடித்தால் பைலை இறக்கிக்கொள்ளலாம். வின்டோஸ் 7 க்குக் கிடைக்கும் கடைசிப் பயர்பொக்ஸ் 115, அது போதும்.

இனி விநியோகம். எல்லாப் பதிப்புகளையும் ஒருவரே, ஒரே தரம், அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்க வேண்டும். தேடலில் முதலில் வரும் பச்சைப் பொத்தானை நம்பி அமுக்கினால் கூடவே நாலு சாமான் வந்து குந்தும். இறக்கியவுடன் ஒவ்வொன்றுக்கும் ஷா 256 (பைலின் கைரேகை மாதிரி ஒரு குறியீடு) எடுத்து ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதி வை, தளத்தில் அதைப் போட்டிருந்தால் ஒப்பிட்டும் பார். லினக்ஸில் ஒரு கட்டளை, வின்டோஸில் சர்ட்யுடில் என்பது கூடவே வருகிறது. 64 எழுத்து வரும், ஒரு எழுத்து மாறினாலும் அந்தப் பிரதியைத் தூக்கி எறி. பிறகு முழுவதையும் ஒரு டிவிடியில் எரித்துவிடு. சிரிக்காதே, உன் பழைய மெஷின்களில் டிவிடி டிரைவ் கட்டாயம் இருக்கும், எரித்து மூடிய டிவிடியில் எந்த வைரஸும் ஏற முடியாது.

அல்லது மின்ட் மெஷினில் அந்தப் போல்டருக்குள் நின்று பைத்தனின் எச்டிடிபி சேர்வரை (போல்டரில் உள்ளதைப் பிரவுசருக்குக் கொடுக்கும் சின்ன நிரல்) ஓட விடு. ஒரு வரிக் கட்டளை, 8000 ஆம் போர்ட்டில் எழும்பும். மற்ற மெஷின்கள் பிரவுசரில் மின்ட்டின் ஐபி முகவரியையும் அதன் பின்னால் :8000 என்பதையும் அடித்துத் தங்களுக்கு உரியதை இறக்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதை நிறுத்த மறக்காதே, அதில் கடவுச்சொல் எதுவும் இல்லை.

ஒன்றையொன்று காணாததற்கு இரண்டு காரணம்தான் இருக்கும். வின்டோஸ் அந்த வைஃபையைப் பப்ளிக் என்று வைத்திருந்தால் பயர்வோல் மறிக்கும், பிரைவேட் என்று மாற்று. அதிலும் சரிவராவிட்டால் 53317 ஆம் போர்ட்டை டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறந்துவிடு. இரண்டாவது ரவுட்டர். சிலவற்றில் ஏபி ஐசொலேஷன் என்று ஒன்று போட்டபடியே வரும், அது இருந்தால் ஒரே வைஃபையில் உள்ள மெஷின்கள் ஒன்றோடொன்று பேச முடியாது.

பாலைப்பழம் எழுதியது:

அண்ணா சொன்னது சரி, ஆனால் ஒவ்வொரு தரமும் ஆள் நின்று அனுப்ப வேண்டியதை ஏன் சொல்லவில்லை? நாங்கள் அறிவியல் நகரில் படிக்கும்போது சின்க்திங் போட்டிருந்தோம். ஒரு மெஷினில் போல்டரில் போட்டால் மற்றவற்றுக்குத் தானாகப் போய்ச் சேரும், கரண்ட் நின்று வந்தாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். எங்கள் பக்கம் கரண்ட் நிற்பதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள், ஒரு பிள்ளை தன் மெஷினில் அழித்தால் எல்லா மெஷினிலும் அழியும்! ஆசிரியரின் மெஷினில் அந்தப் போல்டரை அனுப்ப மட்டும் என்றும் பிள்ளைகளின் மெஷினில் பெற மட்டும் என்றும் வைத்தால் தலையிடி இல்லை. புதிய பதிப்புகள் வின்டோஸ் 7 இல் ஓடாது, அதிகாரபூர்வ அன்ட்ரொயிட் செயலியையும் 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் வின்டோஸ் 10 க்கும் மின்ட்டுக்கும் இது, மற்றவற்றுக்கு லோக்கல்சென்ட்.

இன்னொரு விசயம், இதை ஒருவரும் சொல்வதில்லை. பைல் ஒழுங்காகப் போய்ச் சேரும், ஆனால் திறந்தால் வாசிக்க முடியாது. எங்கள் ஆசிரியர்கள் பாதிப் பேர் இன்னும் பாமினியில்தான் வினாத்தாள் அடிக்கிறார்கள். பாமினி எழுத்துரு இல்லாத போனில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், பிள்ளை பைல் உடைந்துவிட்டது என்று திரும்பத் திரும்ப இறக்கும். யுனிகோட்டுக்கு மாற்றுங்கள், ஏலாவிட்டால் எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

பைல் பெயரிலும் கவனம். ‘கொ’ என்பதை ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் பிரித்து மூன்றாகவும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றுதான். பழைய ஹார்ட்டிஸ்க் மேக் பிரித்துத்தான் வைக்கும். அங்கிருந்து மின்ட்டுக்கு வந்தால் ஒரே பெயரில் இரண்டு பைல் நிற்பது போலத் தெரியும், எது புதியது என்று எனக்கே குழம்பியிருக்கிறது. இப்போது நான் பெயரில் எண்ணும் திகதியும் மட்டும் போடுகிறேன்.

பழைய மோடம் எழுதியது:

பிள்ளைகளே, பைல் அனுப்பும் மென்பொருளை அனுப்ப ஒரு பைல் அனுப்பும் மென்பொருள் வேண்டும் என்ற இந்தக் குழப்பம் புதிதல்ல. கேர்மிட் என்று ஒன்று இருந்தது, 1981 இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டா குரூஸும் பில் கேச்சிங்ஸும் தொடங்கியது, பெயர் மப்பெட் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரும் தவளைப் பொம்மையின் பெயர்தான். பெரிய கணினியில் மாணவருக்கு இடம் போதவில்லை, தங்கள் வேலையைச் சின்ன மெஷினின் பிளொப்பியில் இறக்கி வைக்கத்தான் அதைச் செய்தார்கள். நூற்றுக்கணக்கான வகைக் கணினிகளில் ஓடியது. பல்கலைக்கழகம் அதைக் காந்த நாடாவில் ஏற்றித் தபாலில் அனுப்பும், வாங்கியவர் இன்னொருவருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம்.

நாடாவே ஓடாத சின்ன மெஷினுக்கு எப்படிப் போட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. பேசிக் என்ற கணினி மொழியில் ஒரு சின்ன நிரலைக் கையால் தட்டெழுதுவார்கள். மறுபக்கத்துப் பெரிய கணினி கேர்மிட்டின் நிரலைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி, மூன்று பைட்டை நாலு எழுத்தாக்கி, சீரியல் வயரில் விடும். கையால் அடித்த நிரல் அதைப் பொறுக்கித் திரும்பக் கட்டும். அடித்ததில் ஒரு பிழை விட்டால் முதலில் இருந்து. நான் கொழும்பில் வேலை செய்த காலத்தில் அப்படி ஒரு இரவு முழுக்க இருந்திருக்கிறேன். 2011 இல் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தை மூடி நிரலைத் திறந்த மூலமாக விட்டது.

தம்பிக்கு என் பங்குக்கு ஒன்று. வீடியோவுக்கு வைஃபையை நம்பாதே, மெஷின்களை வயரால் இணைக்கும் ஒரு சின்ன நெட்வேர்க் சுவிட்சும் நாலைந்து கேபிளும் வாங்கு. 100 மெகாபிட் சுவிட்சே செக்கனுக்குப் பதினொரு மெகாபைட் அளவில் தள்ளும், 2.4 ஜிபி பாடம் நாலு நிமிடத்துக்குள் முடியும். நெரிசலான வைஃபையில் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் பாதியில்தான் நிற்கும். அப்புறம், பென்டிரைவ் ஃபேட் 32 என்ற பழைய முறையில் போர்மட் பண்ணியதாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைப் பைலை அது ஏற்காது, இடம் இருக்கும்போதே பைல் பெரிது என்று சொல்லும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்று.

முரசுமோட்டைப் பொடியன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. புரொஜெக்ட் கிடைத்துவிட்டது! பெயரில்லாத போல்டருக்குள் அப்படியே இருந்தது. அம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், தோசை கிடைத்தது.

ரவுட்டரில் ஐசொலேஷன் போட்டபடி இருந்தது, எடுத்துவிட்டேன். வின்டோஸ் 10 ஐந்தும் மின்ட்டும் சின்க்திங்கில், 64 பிட் வின்டோஸ் 7 இல் பழைய லோக்கல்சென்ட். 32 பிட் மூன்றும் மேக்கும் பிரவுசரில் இறக்குகின்றன, மேக் 10.13 இல் நிற்கிறது. டிவிடி முதல் தரம் எரித்ததில் ஒரு பைலின் ஷா ஒத்துவரவில்லை, வேகத்தைக் குறைத்து எரித்ததும் சரி. பார்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பைலை நாலு மெஷினிலும் போட்டுவிட்டுப் பயர்வோலைத் திட்டிக்கொண்டிருந்திருப்பேன். பாமினி டீச்சரிடம் இன்னும் பேசவில்லை, அவர் என்னைப் படிப்பித்தவர், கொஞ்சம் பயம்.

ஒட்டுசுட்டான் ஒருவர் எழுதியது:

தம்பி, அந்த டிவிடியில் இன்னொன்று எரிக்க முடியுமா? எங்கள் நூலகத்திலும் இதே கலவைதான், நெட் இன்னும் மோசம். காசு தருகிறேன்.

முரசுமோட்டைப் பொடியன் எழுதியது:

காசு வேண்டாம் அண்ணை. ஞாயிறு காலை முல்லைத்தீவு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், புதுக்குடியிருப்புச் சந்தியில் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். ஷா எழுதிய தாளையும் உறைக்குள் வைக்கிறேன், போட முன்னம் ஒருதரம் ஒப்பிட்டுப் பாருங்கள்.