உப்புத் தொட்டிக்கு நல்ல தண்ணீர் தேடின கதை

கிளிநொச்சியில் வீட்டுக்குள் கடல் மீன்தொட்டி வைத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. வந்து பார்க்கிற எல்லாரும் முதலில் கேட்பது, "கடல் தண்ணிக்கு என்ன செய்யிறாய்?" என்றுதான். அது பெரிய பாடே இல்லை. என்னை அலைக்கழித்தது நல்ல தண்ணீர், அதாவது உப்பில்லாத தண்ணீர்.

தொட்டி மூன்றடி நீளம், 150 லீற்றர் பிடிக்கும். "ஆனையிறவு உப்பளம் பக்கத்தில கிடக்கு, ஒரு மூட்டை உப்பை வாங்கிக் கரையன்" என்று கூட்டாளி ஒருவன் பகிடி விட்டான். நான் அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடல் நீரில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு; 150 லீற்றருக்கு ஐந்தேகால் கிலோ. மலிவுதான். ஆனால் உப்பளப் பாத்தியில் விளைவது அநேகமாக வெறும் சோடியம் குளோரைட். கல்சியத்தில் பெரும்பகுதி உப்பு விளைய முன்னமே படிந்துவிடும், மக்னீசியம் கடைசியில் வடித்து விடுகிற கசப்பு நீரோடு போய்விடும். சோற்றுக்கு அது போதும், பவளத்துக்கும் நத்தைக்கும் போதாது. கடல்தொட்டிக்கென்றே விற்கிற உப்பின் விலையைக் கேட்டதும் முல்லைத்தீவு மாமாவுக்கு போன் எடுத்தேன்.

மாமா கடற்றொழிலுக்குப் போகிறவர். "மாரியில கரைத் தண்ணி அள்ளாத. வட்டுவாகல் வாய் திறந்தா நந்திக்கடல் களப்பில நிண்ட மழைத் தண்ணி முழுக்க இஞ்சதான் வரும்" என்றார். மாசியில் கடல் ஆறின பிறகு, கரையிலிருந்து நல்லாத் தள்ளிப் போய் ஆறு கானில் அள்ளித் தந்தார். மீன் ஏற்றிவந்த பட்டா லொறியில் பரந்தன் வீதியால் வந்து சேர்ந்தது. தண்ணீரின் ஒப்படர்த்தியை (உப்பு கூடினால் இதுவும் கூடும்) அளந்தேன், 1.025. அச்சொட்டாக இருந்தது.

தொட்டித் தண்ணீரைச் சுத்தமாக்கும் பக்டீரியா குடியிருக்கக் கல் வேண்டும், அதற்கு செராமிக் கல் வாங்கினேன். பிறகு அந்தப் பக்டீரியாவை வளர்க்க ஒரு இறாலைத் தொட்டிக்குள் போட்டு அழுகவிட்டேன். "கறிக்கு இல்லாத இறால் தொட்டிக்கோ" என்று அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அழுகினால் அமோனியா வரும். அதை ஒருவகை பக்டீரியா நைத்திரைற்றாகவும் இன்னொருவகை நைத்திரேற்றாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. அவை இரண்டும் பூச்சியத்துக்கு வர எனக்கு ஐந்து கிழமை பிடித்தது. இடையில் எல்லாவற்றிலும் மண்நிறத்தில் ஒரு படலம் பிடித்துத் தானாகவே போனது. அதற்கப்புறம்தான் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன.

சித்திரை வெயிலில்தான் கூத்துத் தொடங்கியது. மத்தியானம் தொட்டித் தண்ணீர் 32 பாகை. மேல்மூடியைக் கழற்றி இரண்டு சிறிய காற்றாடி பூட்டினேன், 28க்கு இறங்கியது. ஆனால் அது குளிர்வதே ஆவியாகித்தானே. ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் வற்றியது. வற்ற வற்ற, மிச்சம் இருந்த கானிலிருந்தும் மாமா பிறகு அனுப்பியதிலிருந்தும் கடல் தண்ணீரையே ஊற்றி மட்டத்தை நிரப்பினேன். பன்னிரண்டாம் நாள் நத்தை ஒன்று மல்லாந்து கிடந்தது. அளந்தால் 1.031! தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே கிடக்கும். எட்டாம் வகுப்பில் படித்ததுதான். வற்றினதுக்கு ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர்.

சரி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். எங்கள் கேத்திலின் அடியில் வெள்ளைக் கல் கட்டுகிற தண்ணீர் அது. ஒன்றரை மாதத்தில் கல்லெல்லாம் பச்சை மயிர்ப்பாசி, பிடுங்கப் பிடுங்க வந்தது. மீனுக்குத் தீன் கூடிவிட்டதென்று குறைத்தேன், லைற்றைக் குறைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் சும்மா கிணற்றுத் தண்ணீரையே ரெஸ்ற் பண்ணினேன். நைத்திரேற் லீற்றருக்கு 40 மில்லிகிராம், பாசிக்கு அதுதான் உரம். கிணற்றுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் வயல், அதற்குப் போகிற யூரியாவை நான் நாளுக்கு மூன்று லீற்றராகத் தொட்டிக்குள் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது குடிக்க வாங்குகிற ஆர்ஓ (இயந்திரத்தில் வடித்துச் சுத்தமாக்கின தண்ணீர்) கானில் ஒன்று மீனுக்கு. அம்மா கணக்கு எழுதி வைத்திருக்கிறா.

பவளம் இன்னும் வைக்கவில்லை. 28 பாகையை ஒரு வெயில்காலம் முழுக்கப் பிடித்துவைக்க முடிந்தால் பார்க்கலாம். வேறு யாருக்கும் அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

வவுனியாவிலிருந்து:
எனக்கு வெப்பத்தைவிடக் கரண்ட்தான் பிரச்சினை. 2022 பங்குனிக் கடைசியில் 13 மணிநேரம் வெட்டினார்களே, அப்போது என்னிடம் இருந்தது சின்னக் கடல்தொட்டி. சூடான உப்புத் தண்ணீரில் ஒட்சிசன் ஏற்கனவே குறைவு. பம்ப் நின்றால் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். நானும் மனைவியும் முறை வைத்து, சொம்பால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினோம். விடியும்வரை. மூன்றில் ஒன்று தப்பியது. இப்போது பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்ப் இரண்டு வைத்திருக்கிறேன். முதல் மீனுக்கு முன் அதை வாங்குங்கள்.

மன்னாரிலிருந்து:
நான் மன்னார் என்றதும் "அண்ணை, ஒரு துண்டு பவளக்கல் எடுத்துத் தாங்கோ" என்று கேட்காத ஆள் இல்லை. கடலில் பவளம் உடைப்பது சட்டப்படி குற்றம் தம்பிமாரே. வங்காலைப் பக்கம் பவளப் பாரில் நீந்தியிருக்கிறேன், 1998 இல் கடல் சூடேறி வெளிறிச் செத்ததன் மிச்சம் இன்னும் பொடிக்கல்லாகக் கிடக்கிறது. உங்கள் 32 பாகையும் அதே வேலையைத்தான் செய்யும். பொறுத்தது நல்லது.

இன்னொன்று. பொத்தான் மாதிரிக் கொத்தாக இருக்கிற சொவாந்திட் என்ற, பவளத்துக்குச் சொந்தமான உயிரை யாராவது தந்தால் கையுறை போடாமல் தொடாதீர்கள். அது ஒட்டின கல்லை ஒருபோதும் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யாதீர்கள். சிலவற்றில் பாலிடொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது, ஆவியோடு மூச்சில் போனால் ஆஸ்பத்திரிதான்.

முதலில் எழுதியவர்:
நன்றி அண்ணை. பற்றரிப் பம்புக்குச் சொல்லிவிட்டேன். இன்று பாசி சுரண்டும்போது பம்பின் பின்பக்கத்தில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு ரூபாய்க் குற்றி அளவில் ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. தேடிப் பார்த்தால் சுண்ணாம்புப் பாசியாம். கல்சியம் போதுமான தண்ணீரில்தான் பிடிக்குமாம். மாமாவின் ஆறு கானில் எந்தக் கானோடு வந்ததோ. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உதைக் கழுவேலையோ?" என்று கேட்டா.