வெளிநாட்டு போன் நம்பர்: ஃபார்ம் எவ்வளவு கறாராக இருக்கலாம்?

அரைப்புள்ளி:
எங்கள் பதிவு ஃபார்மில் பத்து இலக்கம் இல்லாத நம்பரை ரீஜெக்ஸ் (எழுத்துகளின் வடிவம் பொருந்துகிறதா என்று பார்க்கும் விதி) தள்ளிவிடும். இப்போது பல நாட்டுக்காரர்கள் வருகிறார்கள். நாட்டுக்கு ஒரு ரீஜெக்ஸ் எழுதி, ஃபார்மிலேயே கறாராகச் சோதிக்கலாம் என்பது என் கட்சி. குப்பை ஒருமுறை டேட்டாபேஸில் ஏறிவிட்டால் யார் கூட்டுவது?

மழைக்குருவி:
வேண்டாம். அந்த ரீஜெக்ஸ்களைக் கட்டி மேய்க்கவே தனியாக ஓர் ஆள் வேண்டும். ஐவரி கோஸ்ட் 2021 ஜனவரியில் எட்டு இலக்கத்திலிருந்து பத்துக்கு மாறியது. பெனின் 2024 நவம்பரில் அதையே செய்தது. மறுநாள் உங்கள் ஃபார்ம் ஒரு நாட்டையே வாசலில் நிறுத்தியிருக்கும். ஈ.164 என்ற சர்வதேச போன் நம்பர் விதிப்படி நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம். அதை மட்டும் பாருங்கள், போதும்.

அரைப்புள்ளி:
அப்படியென்றால் அமெரிக்காவின் +1 போட்டு ஐந்து இலக்கம் தட்டினாலும் உள்ளே விடுவீர்களா? ஓர் இலக்கம் விட்டுப்போனதை அப்போதே சொன்னால் பயனருக்குத்தானே நல்லது? இல்லாவிட்டால் வராத ஓடிபிக்குக் காத்திருந்துவிட்டு நம்மைத் திட்டுவார்.

கட்டெறும்பு:
இரண்டு பேரும் போன் நம்பர்களைச் சோதிக்க கூகுள் தரும் தயார் நிரல் தொகுப்பான லிப்ஃபோன்நம்பர் லைப்ரரியைப் பார்த்தீர்களா? அதில் இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று நீளம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். மற்றது முன் இலக்கங்கள் அந்த நாட்டில் உண்மையிலேயே ஒதுக்கப்பட்டவையா என்றும் பார்க்கும். முதலாவதில் தோற்றால் தடுங்கள். இரண்டாவதில் தோற்றால் "சரிதானா?" என்று கேட்டுவிட்டு விடுங்கள். அந்த ஒதுக்கீட்டுப் பட்டியல் அடிக்கடி மாறும், நீங்கள் கடைசியாக எப்போது அப்டேட் செய்தீர்களோ!

இன்னொன்று, பூஜ்யத்தில் கவனமாக இருங்கள். பிரிட்டன்காரர் +44 (0)20 என்று எழுதுவார். அந்தப் பூஜ்யம் போக வேண்டும். அடைப்புக்குறியை மட்டும் நீக்கினால் 44020 என்று நிற்கும், போன் போகாது. சரி, பூஜ்யத்தை எல்லோருக்கும் வெட்டிவிடலாம் என்றால் இத்தாலி இடிக்கும். ரோம் லேண்ட்லைன் +39 06 என்றுதான் தொடங்கும், அங்கே பூஜ்யம் நம்பரின் பகுதி.

மழைக்குருவி:
இடைவெளி, கோடு, அடைப்புக்குறி போட்டதற்காகப் பயனரைத் திட்டும் ஃபார்ம்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றை நீக்குவது நம் வேலை. பயனர் + போட்டு ஒட்டினால் நாட்டுப் பட்டியல் பேசாமல் வழிவிட வேண்டும். +7 என்றதும் ரஷ்யக் கொடியைக் காட்டினால் அதே +7 வைத்திருக்கும் கஜகஸ்தான்காரர் என்ன செய்வார்?

அரைப்புள்ளி:
சரி, நீளத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் எஸ்எம்எஸ் மோசடி? போட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) கட்டணம் அதிகமான நாட்டு நம்பர்களைப் போட்டு ஓடிபி அனுப்பவைத்து, அதில் பங்கு பார்க்கின்றன. கறார் இல்லாமல் அதை எப்படித் தடுப்பது?

மழைக்குருவி:
அந்த மோசடிக்காரர்கள் போடும் நம்பர்கள் நிஜமானவை ஐயா! செய்தி போய்ச் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் காசு. உங்கள் சோதனை எல்லாவற்றிலும் பாஸாகும். அதற்கு வேண்டியது வேறு: ஒரே இடத்திலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு வரம்பு, சேவையே இல்லாத நாடுகளுக்கு எஸ்எம்எஸ் நிறுத்தம்.

அரைப்புள்ளி:
லேண்ட்லைனையாவது தடுப்பேன். ஓடிபி அங்கே போகாது.

கட்டெறும்பு:
அமெரிக்கா, கனடாவில் நம்பரைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. லைப்ரரியே "லேண்ட்லைன் அல்லது மொபைல்" என்றுதான் பதில் தரும். தடுப்பதற்குப் பதில் குரல் அழைப்பில் ஓடிபியைச் சொல்லும் வழியையும் வையுங்கள்.